கல்லுக்கு எடுத்த சிடி ஸ்கேனில் அட்ரீனல் கட்டி: முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள்

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான அட்ரீனலில் வரும் கட்டி பெரும்பாலும் யாரும் தேடாமல்தான் கண்ணில் படுகிறது. விலாவில் வலி, சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ தர்மபுரிக்கு வந்து சிடி எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘இடது அட்ரீனலில் 2.3 செ.மீ. கட்டி, கான்ட்ராஸ்ட் சிடி தேவை’ என்று இருக்கும். உடனே குடும்பமே சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கல்லுக்கு எடுப்பது கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தத்தில் ஏற்றாத பிளெயின் சிடி. கட்டியின் அடர்த்தியை அளக்க வேண்டியதும் அதில்தான். எடுத்த இடத்திலேயே அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அளவு ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணில் வரும். தண்ணீர் 0, கொழுப்பு ஏறக்குறைய −100. அட்ரீனலின் சாதாரணக் கட்டியான அடினோமா, ஹார்மோன் செய்வதற்கான கொழுப்பைத் தன் செல்களுக்குள் சேர்த்து வைத்திருக்கும். அதனால் எண் இறங்குகிறது. கட்டி முழுக்க ஒரே சீராக இருந்து எண் 10 அல்லது அதற்குக் கீழே என்றால், அது தீங்கற்றது. 2023 ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி அளவு எதுவானாலும் மேற்கொண்டு ஸ்கேன் வேண்டாம்.

தவறு நடப்பது, அளப்பதற்காகக் கணினித் திரையில் கட்டியின் மேல் வட்டம் போடும் இடத்தில். ஃபிலிமை வைத்து அளக்க முடியாது. டைகாம் படங்கள் (கணினியில் திறந்து அளக்கக்கூடிய ஸ்கேன் கோப்புகள்) உள்ள தகட்டைக் கேட்டு வாங்குங்கள். வட்டம் கட்டியின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மூட வேண்டும், விளிம்பைத் தொடக்கூடாது. தொட்டால் சுற்றியுள்ள கொழுப்பும் சேர்ந்து 25 இருக்க வேண்டிய எண் 8 என்று காட்டிவிடும். சிறு கட்டிக்கு 5 மி.மீ. துண்டுகளிலும் இதே சிக்கல், 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியது தேவை. கல்லுக்கான ஸ்கேனில் கதிர் குறைவு, படம் மணல் மணலாக இருக்கும். சின்ன வட்டம் போட்டால் எண் தாவும். சுண்ணாம்புப் படிவு, அழுகிய பகுதி இவற்றையும் தவிர்க்க வேண்டும். கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில் அளந்த எண்ணை இந்த 10-உடன் ஒப்பிடவே கூடாது.

11 முதல் 20 வரை, சீராக, 4 செ.மீ.-க்குக் குறைவு என்றால் உடனே இன்னொரு ஸ்கேன் பரிசோதனை, அல்லது 12 மாதம் கழித்து மறு ஸ்கேன். எண் 20-க்கு மேல், அல்லது கட்டி சீரற்றது, அல்லது எண் 10-க்கு மேல் இருந்து 4 செ.மீ.-ஐத் தாண்டியது என்றால் அறுவை மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பயணம் இங்கேதான் அவசியம்.

கான்ட்ராஸ்ட் செய்தால் மூன்று எண்கள் வேண்டும்: பிளெயின், சுமார் 70-வது நொடி, 15-வது நிமிடம். 24, 90, 48 என்று வந்தால், மருந்து வடிந்தது 42 (90−48), ஏறியது 66 (90−24), ஆக வடிந்தது 64 சதவீதம். 60-க்கு மேல் என்றால் அடினோமா பக்கம் சாயலாம். ஆனால் இதை முழுதாக நம்பாதீர்கள். அட்ரினலின் சுரக்கும் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமாவும் சில சமயம் இப்படியே வடியும். பிளெயின் எண் 10-க்கு மேல் இருந்தால், இந்தக் கட்டியைக் கண்டுபிடிக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை கட்டாயம். அதன் முடிவு வராமல் ஊசி குத்தித் திசு எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எண் நன்றாக வந்தாலும், கட்டி கார்டிசால் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி. (0.5 மி.கி. மாத்திரை இரண்டு), காலை 8 முதல் 9-க்குள் ரத்தம். கார்டிசால் 1.8-க்கு (மைக்ரோகிராம்/டெசிலிட்டர்) மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கும் இந்த முடிவு பிசகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிபி இருந்தாலோ பொட்டாசியம் குறைந்தாலோ ஆல்டோஸ்டிரான், ரெனின் என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் சேர்த்து.

தகட்டைப் பத்திரமாக வையுங்கள். 12 மாதம் கழித்து மறு ஸ்கேன் தேவைப்பட்டால் ஒப்பிட அதுதான் வேண்டும்.