பக்கம் 45 முதல் 62 வரை

"மேடம், இந்த ஒரு கட்டுரை மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது."

முதுகலை வரலாறு படிக்கும் மாணவி, காலையில் போனை நீட்டினாள். தாது வருடப் பஞ்சம் (1876–78) பற்றிய ஆய்வேடு. மேற்கோள் பட்டியலில் ஐந்தாவது வரி: ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், தொகுதி எண், பக்கம் 45–62.

இதழ் உண்மையானது. அந்தத் தொகுதியைத் தேடித் திறந்தோம். 45ஆம் பக்கத்தில் நெசவாளர்களைப் பற்றி வேறு யாரோ எழுதிய கட்டுரையின் நடுப்பகுதி.

"ஏஐ கிட்ட கேட்டேன் மேடம்." குரல் இறங்கிவிட்டது.

அந்தப் பக்க எண்தான் இன்னும் உறுத்துகிறது. ஒரு பொய்யை 45இல் தொடங்கி 62இல் முடிக்கிற அளவுக்கு அக்கறை! நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

சரி என்று ஷோத்கங்கா தளத்துக்குப் போனோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். (எல்லாமே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றைப் படித்துத் தலைவலி வந்திருக்கிறது.) ஆனால் நல்ல ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் நூற்பட்டியல் தனிப் புதையல்.

அங்கிருந்து வில்லியம் டிக்பியைப் பிடித்தோம். சென்னையில் பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் செயலாளராக இருந்தவர். அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிவைத்திருக்கிறார். வெள்ளைக்காரர் பார்வைதான், அதையும் உரசிப் பார்த்தே எடுக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பக்கங்கள் நிஜமாகவே இருக்கின்றன.

ஸ்கேன் பிரதியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரை ஆகியும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.