ஒரே போன் இருக்கிற வீட்டில் யாருடைய சம்மதம்?

நம் எல்லோருடைய டிஜிட்டல் விவரங்களையும் காப்பாற்ற 2023-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள், அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. குழந்தைகளுக்கென்று அதில் தனிப் பகுதி இருக்கிறது. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதில் குழந்தைகள்தான். ஒரு ஆப் அவர்களுடைய விவரங்களை வாங்க வேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ சம்மதம் தர வேண்டும், தந்தவர் பெரியவர்தானா என்று ஆப்காரர்கள் சரிபார்க்கவும் வேண்டும். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று பின்தொடரக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். இந்தப் பகுதி நடைமுறைக்கு வர 2027 மே ஆகும். சட்டம் வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் அதைப் படிக்கப் படிக்க, இதை எழுதியவர்கள் மனசில் இருந்த வீடு வேறு, காட்பாடியில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களின் வீடு வேறு என்றுதான் தோன்றுகிறது.

அவர்கள் மனசில் இருந்த வீட்டில் அம்மாவுக்கு ஒரு போன், பிள்ளைக்கு ஒரு போன். பிள்ளை தன் போனில் கேட்கும், அம்மா தன் போனில் சரி என்பார். இங்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் காலையிலேயே ஷூ கம்பெனி வேன் ஏறிப் போகிற அம்மாக்கள் எத்தனையோ பேர். நல்ல போன் வீட்டுக்கு ஒன்றுதான், அதைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அவசரத்துக்குப் பேச. பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பும் அதிலேதான், ரேஷன் கடை ஓடிபியும் அதிலேதான், மகளிர் குழுத் தவணைக்கான மெசேஜும் அதிலேதான் வருகிறது. பள்ளி விட்டதும் பிள்ளை கையில் இருப்பதும் அதே போன்தான். அப்படியிருக்க, அம்மாவின் சம்மதம் கேட்டு வரும் ஓடிபியை யார் எடுத்துப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

விதியில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் பெரியவர்தான் என்பதற்கு நம்பகமான விவரம் அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அரசின் டிஜிலாக்கர் மாதிரி ஒன்றின் வழியாக உறுதி செய்துகொள்ளலாம். போனில் இருப்பது அம்மாவின் கணக்கு, அம்மாவின் வயது. பிள்ளை அழுத்தினால் அம்மா அழுத்தியதாகத்தான் பதிவாகும். அதைவிடப் பெரிய ஓட்டை, பிள்ளை சம்மதம் கேட்கிற கட்டத்துக்கே வர வேண்டியதில்லை என்பது. ஆப்பைப் பொறுத்தவரை அந்தப் போனைப் பிடித்திருப்பது முப்பது வயசுப் பெண், அதனால் குழந்தைகளுக்கான பாதுகாப்பு எதுவுமே அங்கே வேலை செய்யாது.

போன மாதம் ஒரு அக்கா, போன் சூடாகிறது, சார்ஜ் நிற்க மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார். கூட அவர் பொண்ணு, நாலாவது படிக்கிறது. திறந்து பார்த்தால் கலர் அடிக்கிற ஆப், பொம்மைக்கு அலங்காரம் பண்ணுகிற ஆப், பூனை பேசுகிற ஆப் என்று வரிசையாக இருந்தன. அதில் கலர் அடிக்கிற ஆப்புக்குத் தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக் மூன்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தது. படத்துக்குக் கலர் அடிக்க எதற்கு அத்தை மாமா நம்பர்? "இன்னா தம்பி, அதுல நம்ம வூட்டு அட்ரஸ்கூடத் தெரியுமா?" என்று அந்த அக்கா கேட்டபோது, இருப்பிடம் எப்போதும் ஆன் என்று இருக்கும் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொண்ணிடம் வயசு கேட்டதா என்று கேட்டேன். கேட்டதாம். "சின்ன வருஷம் போட்டா தொறக்காதுண்ணா" என்று சொல்லி, பிறந்த தேதிச் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காட்டியது. வருடங்கள் கடகடவென்று ஓடி எண்பதுகளில் எங்கேயோ போய் நின்றன. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அதற்கு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் திறந்திருக்கிறது. பிள்ளையைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. வயசைச் சும்மா கேட்டுவிட்டு, எந்தப் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிறையப் பேர் ஏமாறுகிற இன்னொரு இடம் பிளே ஸ்டோரில் போட்டிருக்கும் 3+, 7+, 12+ எண்கள். 3+ என்று பார்த்ததும் மூன்று வயசுக் குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று நினைத்து இறக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண், உள்ளே அடிதடி, ஆபாசம், சூதாட்டம் இருக்கிறதா என்பதைப் பற்றியது. ஆப் உங்களிடமிருந்து என்ன எடுக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள, அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் தரவுப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி வரும், அங்கே பார்க்க வேண்டும். அதுவும் ஆப்காரர்களே எழுதிக் கொடுப்பதுதான், இருந்தாலும் பார்ப்பது நல்லது.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சொல்கிற 13 வயது அமெரிக்காவின் 1998-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வந்தது. 13 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதை மீறியதற்காகத்தான் 2019-இல் யூடியூப்புக்கு 17 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயசு ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கே வைத்திருக்கக் கூடாது. நம் சட்டம் 18 என்கிறது. அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. பதினேழு வயசில் பீகாரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வேலூருக்கு இன்ஜினியரிங் படிக்க வந்து ஹாஸ்டலில் தனியாக இருக்கிற பையன் ஒவ்வொரு ஆப்புக்கும் ஊரில் இருக்கிற அப்பாவிடம் சம்மதம் வாங்க வேண்டும், நாலாவது படிக்கிற பொண்ணுக்கும் அதே விதிதான் என்றால் எங்கேயோ இடிக்கிறது.

சரி, அப்படியானால் எல்லோரிடமும் ஆதாரை வாங்கி வயசைச் சரிபார்த்துவிட்டால் போச்சு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. குழந்தையின் விவரம் வெளியே போகக் கூடாது என்பதற்காக ஊரில் இருக்கிற எல்லோருடைய விவரத்தையும் இன்னொரு இடத்தில் கொண்டுபோய்க் குவிப்பதா? ஒரே போன் இருக்கிற வீட்டில் அதுவும் அம்மாவின் ஆதாராகத்தான் இருக்கும், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். கலர் அடிக்கிற ஆப் யாருடைய தொடர்பு எண்களையும் கேட்கக் கூடாது, பிடித்திருப்பது ஒன்பது வயசோ ஐம்பது வயசோ. குழந்தைகளுக்கு மட்டுமான ஆப்கள் இருப்பிடம் கேட்கக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது. ஆனால் 'எல்லோருக்குமானது' என்று போட்டுவிட்டால் கதை வேறு. அந்த விதியை எல்லோருக்கும் பொதுவாக்கி, ஆப் செய்கிற வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்கவே விடாமல் செய்தால், வயசு கேட்க வேண்டிய இடங்கள் பாதி குறைந்துவிடும். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற அம்மா ராத்திரி உட்கார்ந்து பிரைவசி பாலிசி படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அதுவரைக்கும் செய்ய முடிந்ததைச் செய்வோம். செட்டிங்ஸில் பிரைவசி என்று இருக்கும், அதில் பர்மிஷன் மேனேஜருக்குப் போனால் இருப்பிடம், மைக், தொடர்புகள் ஒவ்வொன்றையும் எந்தெந்த ஆப் வைத்திருக்கிறது என்று தெரியும், விளையாட்டு ஆப்கள் எல்லாவற்றுக்கும் எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் நின்றுபோகாது. விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் வைத்துக்கொள்கிற எண்ணுக்கு விளம்பர ஐடி என்று பெயர், கூகுள் செட்டிங்ஸில் விளம்பரங்கள் பகுதியில் அதை அழிக்கலாம். சில போன்களில் பிள்ளைக்கென்று தனியாக இன்னொரு யூசர் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு, இருந்தால் கட்டாயம் வையுங்கள், உங்கள் மெசேஜும் பணம் அனுப்புகிற ஆப்பும் அந்தப் பக்கம் தெரியாது. அப்புறம், யுபிஐ பின்னைப் பிள்ளை எதிரில் அழுத்தாதீர்கள்.

இதெல்லாம் புரியவில்லை என்றால் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுகிறேன், இதற்குக் காசு வாங்குவதில்லை. வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்த ஆப் வேண்டும், எது வேண்டாம் என்று அதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.