குடும்பப்பெயர் இல்லாமல் ஹெராத்துக்கு

என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் காலியாக இருக்கும். தமிழ்நாட்டில் பலருக்கும் அப்படித்தான். 2018 நவம்பரில் ஈரானின் மஷ்ஹத் நகரிலிருந்து தரைவழியே ஆப்கானிஸ்தானின் ஹெராத்துக்குப் போனபோது அந்தக் காலியிடம் அரை நாளை விழுங்கிவிட்டது. மஷ்ஹத்தில் ஆப்கானிஸ்தான் விசா வாங்கியது பெரிய வேலையாக இருக்கவில்லை.

தைபாத் ஊரைத் தாண்டி எல்லையை அடைந்தபோது நீண்ட வரிசை நின்றது. ஈரான் நாணயமான ரியாலின் மதிப்பு சரிந்து கூலி கட்டுப்படியாகாமல் கிளம்பியவர்களும், பிடித்துத் திருப்பியனுப்பப்பட்டவர்களுமாக அந்த ஆண்டில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் ஈரானை விட்டுச் சென்றனர். சாக்குமூட்டையும் சுருட்டிய போர்வையுமாக நின்றவர்களைப் பார்த்து என் வண்டியோட்டி ‘அஃப்கானி’ என்று சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. (அது நாணயத்தின் பெயர், ஆளை ‘அஃப்கான்’ என்றே சொல்ல வேண்டும் என்று ஹெராத்தில் பின்னர் என்னைத் திருத்தினார்கள்.) இத்தனைக்கும் இருபுறமும் பேச்சு பாரசீகம்தான், மஷ்ஹத்தில் 1418-இல் பெரிய பள்ளிவாசலைக் கட்டுவித்த அரசி கவ்ஹர்ஷாத்தின் கல்லறை இருப்பது ஹெராத்தில். 1856-இல் ஹெராத்தைப் பிடித்த ஈரான், பிரிட்டன் போர் தொடுத்ததால் மறு ஆண்டே பாரிஸ் ஒப்பந்தத்தில் அந்நகரின் மீதான உரிமையைக் கைவிட்டது.

ஈரான் பக்கத்தில், குடும்பப்பெயரின்றி என் பதிவைக் கணினியில் தேட முடியவில்லை. அந்நாட்டில் 1925 முதல் அது கட்டாயம் என்பதால் அலுவலர் பொறுமையாகவே திரும்பத் திரும்பக் கேட்டார். விமான நிலையத்தில் நுழைந்த அன்று என் பெயரையே குடும்பப்பெயராகவும் பதிந்திருந்தார்கள் என்பது, பெட்டியின் அடியில் கிடந்த ஈரான் விசாத் தாளை எடுத்துக் காட்டிய பிறகே தெரிந்தது. இவ்வழியே போகிறவர்கள் அந்தத் தாளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் நின்ற முதியவர் சிரித்தார். அவருடைய தஸ்கிராவில், அதாவது ஆப்கன் அடையாள ஆவணத்தில், தன் பெயரும் தந்தை பெயரும் பாட்டன் பெயரும்தான் உண்டாம். ஈரானில் கேட்டவர்களுக்கெல்லாம் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சமாளித்தாராம்.

ஆப்கன் பக்க எல்லை ஊரான இஸ்லாம் காலாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருப்பிவைத்தேன். அங்கிருந்த அலுவலர் காலியிடத்தைப் பொருட்படுத்தாமல் தந்தை பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பாட்டனார் பெயரைக் கேட்டார். சொன்னேன். அதை எழுத்தெழுத்தாக இருமுறை சொல்லச் சொல்லி, பாரசீக எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டு முத்திரை குத்தினார்.