மருத்துவச் சொற்களை வாலிலிருந்து படிப்பது: நர்சிங் சேரும் தங்கைகளுக்கு

கவுன்சிலிங் முடிந்து காலேஜ் திறக்கும் சமயத்தில் கோபி, அந்தியூர், சத்தி பக்கமிருந்து யாராவது ஒரு பெண் எனக்குப் போன் செய்துவிடுவாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, மெடிக்கல் டெர்மினாலஜிக்கு எந்த புக்குங்க வாங்கறது?" பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங்கிலோ லேப் டெக்னீசியன் படிப்பிலோ போய் உட்கார்ந்தால், முதல் வாரமே பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து புதுச் சொல் வந்து விழும். நானும் அந்த வழியாக வந்தவள்தான். புத்தகம் வேண்டாம், கோடு போட்ட நோட்டு ஒன்று போதும் என்பதுதான் என் பதில்.

ஏனென்றால் அந்த நீளச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். நூறு, நூற்றைம்பது துண்டு கைவந்துவிட்டால் முதல் வருஷத்தை ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு. கடையில் விற்கும் புத்தகங்கள் அகர வரிசையில் அடுக்கித் தருகின்றன. அப்படிப் படித்தால் இரண்டாம் நாளே தூக்கம் வரும். நோட்டில் பக்கத்துக்கு ஒரு வால் என்று எழுதுங்கள். வால் என்று நான் சொல்வது சொல்லின் கடைசித் துண்டை.

உதாரணத்துக்கு 'யூரியா' என்று முடிபவை. யூரியா உரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள், இங்கே அது சிறுநீர் நிலையைச் சொல்லும் வால். 'பாலி' என்றால் நிறைய, பாலியூரியா. 'ஆலிகோ' என்றால் கொஞ்சம், ஆலிகூரியா. 'டிஸ்' என்றால் சிரமம், டிஸ்யூரியா: எரிச்சலோடு போவது. 'ஹீமட்' என்றால் இரத்தம், ஹீமட்யூரியா. ஒரே வாலில் நான்கு சொல் வந்துவிட்டது. நைட் டூட்டியில் நோயாளி குடித்ததையும் போன சிறுநீரையும் குறிக்கும் இன்டேக்-அவுட்புட் சார்ட் போடும்போது இவை தானாக மனதில் உட்கார்ந்துவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் கீழே போனால் ஆலிகூரியா, 3 லிட்டரைத் தாண்டினால் பாலியூரியா. எண்ணோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அடுத்த கேள்வி அதுதான்.

சுத்தமாக நின்றுபோனால் அன்யூரியா. இந்த 'அன்' நமக்குப் புதிதே இல்லை. சுத்தம், அசுத்தம். அவசியம், அனாவசியம். மெய்யெழுத்துக்கு முன்னால் 'அ', உயிரெழுத்துக்கு முன்னால் 'அன்'. வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் ஒரே குடும்பம், அதனால் விதியும் ஒன்றே. ஆங்கிலத்தில் அந்த 'அ' பல இடங்களில் 'ஏ' என்று ஒலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மூச்சு நின்றால் ஏப்னியா, பேச்சு போனால் அஃபேசியா, இரத்தம் குறைந்தால் அனீமியா.

சர்ஜரி வார்டில் மூன்று வால்கள் ஒன்றுபோலவே இருக்கும்: எக்டமி, ஆட்டமி, ஆஸ்டமி. 'டோமே' என்றால் வெட்டு. முன்னால் 'எக்', அதாவது 'வெளியே', சேர்ந்தால் வெட்டி எடுத்துவிடுவது. கேஸ்ட்ரெக்டமி என்றால் இரைப்பையையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்துவிட்டார்கள். கேஸ்ட்ராட்டமி என்றால் திறந்து பார்த்துத் தைத்துவிட்டார்கள். கேஸ்ட்ராஸ்டமியில் இருப்பது வேறு துண்டு, 'ஸ்டோமா', வாய் என்று பொருள். உடம்பின் வெளிப்பக்கம் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். கொலாஸ்டமி நோயாளிக்கு மாட்டும் ஸ்டோமா பேக், வாய்ப்புண்ணுக்கு எழுதும் ஸ்டோமடைட்டிஸ், பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் படித்த இலைத்துளையின் ஸ்டோமேட்டா, எல்லாம் அந்த ஒரே வாய்தான். பள்ளியில் படித்ததைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சைலம் என்பது மரக்கட்டை, குளோரோஃபில் என்பது பச்சை இலை, ஆர்த்ரோபோடா என்பது மூட்டுள்ள கால். அந்த ஆர்த்ரோதான் மூட்டு வலிக்காரர் சீட்டில் ஆர்த்ரைட்டிஸ் என்று நிற்கிறது.

என் அத்தை ஒருவர் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டி, "ஏங்கண்ணு, இத்தன நீளத்துக்கு எழுதியிருக்காங்களே, என்னென்னத்த எடுத்துப்போட்டாங்கன்னு பாரு" என்றார். எழுதியிருந்தது லேப்ரோஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி. பென்சிலால் கோடு கிழித்துக் காட்டினேன். லேப்பரா என்றால் விலாவுக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டு வயிறு. ஸ்கோப் என்றால் பார்ப்பது. கோலே என்றால் பித்தம். சிஸ்ட் என்றால் பை. எக்டமி என்றால் எடுத்துவிட்டார்கள். "வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்து பித்தப்பைய எடுத்திருக்காங்க, அவ்வளவுதானுங்க அத்தை." அவர் சம்மரியை மடித்து வைத்துக்கொண்டே, "அதுக்கு இத்தன பேரா" என்றார். சொந்தக்காரர்களுக்கு இப்படிப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். தேர்வுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை, வீட்டில் மரியாதையும் கூடும்.

இனி தமிழ் வழியில் வந்தவர்களுக்கென்றே இருக்கும் ஒரு கண்ணி. நாம் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வோம். 'பயோஜெனிக்' என்று எழுதியிருப்பீர்கள். அது உயிரிலிருந்து உண்டானதா, சீழ் பிடிக்க வைப்பதா? உயிருக்கான 'பயோ' ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு வரும் எழுத்தில் தொடங்குகிறது, பயாப்சி அந்த வகை. சீழுக்கான 'பயோ' ஆங்கிலத்தில் பென்சிலுக்கு வரும் எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே துண்டை ஆங்கில எழுத்திலும் பொருளைத் தமிழிலும் எழுதுங்கள், மாற்றி வேண்டாம். அந்தச் சீழின் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள்: பைரெக்சியாவில் இருப்பது நெருப்பு, அதனால் காய்ச்சல், பைலோநெஃப்ரைட்டிஸில் இருப்பது தொட்டி, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் இடம்.

கோலிசிஸ்டெக்டமிக்கும் கொலெக்டமிக்கும் இதே கதை. முன்னது பித்தப்பை, பின்னது பெருங்குடல். ஆங்கிலத்தில் பித்தத்துக்கு சி-க்குப் பின்னால் ஒரு ஹெச் உண்டு, குடலுக்கு இல்லை. சி, ஹெச் இரண்டும் சேர்ந்து 'க' என்று ஒலித்தால் பெரும்பாலும் கிரேக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஃப' ஒலிக்கு அந்தப் பென்சில் எழுத்தும் ஹெச்சும் போடுவதும், நிமோனியாவிலும் சைக்கியாட்ரியிலும் வாய்க்குள்ளேயே போய்விடும் அந்த முதல் எழுத்தும் அப்படித்தான். டயேரியா ஸ்பெல்லிங்கில் ஆர் ஏன் இரண்டு, அதன்பின் ஹெச் ஏன் என்று நொந்துகொள்ள வேண்டாம். 'ஒழுகுவது' என்ற துண்டு அங்கே முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

பக்கவாத நோயாளியிடம் டிஸ்ஃபேஜியாவும் டிஸ்ஃபேசியாவும் சேர்ந்தே வரலாம். முதலாவது விழுங்கச் சிரமம், இரண்டாவது பேசச் சிரமம். இதில் குழப்பம் வந்தால் மதிப்பெண்ணோடு போகாது, விழுங்க முடியாதவர் வாயில் கஞ்சியை ஊற்றிவிடுவோம். இந்த மாதிரி இரட்டையர்களை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எதிரெதிரே எழுதி, தினமும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

ஒரே உறுப்புக்கு ஏன் இரண்டு பெயர் என்று எல்லோருமே கேட்பார்கள். சிறுநீரகத்தின் தமனி ரீனல் ஆர்ட்டரி, ஆனால் அழற்சி நெஃப்ரைட்டிஸ். தோலுக்கு அடியில் போடும் ஊசி சப்கியூட்டேனியஸ், ஆனால் தோல் நோய் டெர்மடைட்டிஸ். ஹிப்போகிரேட்டஸும் கேலனும் நோய்களைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதினார்கள். வெசாலியஸ் 1543-இல் உடற்கூறு நூலை வெளியிட்டது லத்தீனில். அதனால் பொதுவாக உறுப்புக்கு லத்தீன், நோய்க்கும் சிகிச்சைக்கும் கிரேக்கம் என்று பழகிவிட்டது. விதிவிலக்கு நிறைய உண்டு. அப்பெண்டிசைட்டிஸில் தலை லத்தீன், வால் கிரேக்கம்.

கோவை அவிநாசி ரோட்டில் பஸ் ஜன்னலோரம் கிடைத்தால் ஆஸ்பத்திரி போர்டுகளையே பாடமாக வைத்துக்கொள்ளலாம். கார்டியாலஜி, நெஃப்ராலஜி, ஆங்காலஜி எல்லாம் பிரிக்கச் சுலபம். ஆர்த்தோபீடிக்ஸ் கொஞ்சம் வேடிக்கை. 'ஆர்த்தோ' நேர், 'பீட்' குழந்தை. எலும்பு எங்கேயும் இல்லை. 1741-இல் நிக்கோலா ஆண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணல்களைச் சரிசெய்வதற்கு வைத்த பெயர் அது. பீடியாட்ரிக்ஸிலும் அதே குழந்தைதான், பின்னால் 'இயாட்ரோஸ்', மருத்துவர். சைக்கிள் பெடலில் இருக்கும் 'பெட்' மட்டும் லத்தீன் கால், இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம், பிரித்தால் வரும் பொருளை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடக் கூடாது. அனீமியாவைப் பிரித்தால் 'இரத்தம் இல்லை' என்று வரும். எழுத வேண்டியது ஹீமோகுளோபின் அளவு, கர்ப்பிணிக்கு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே. 'ஓமா' என்றால் கட்டி என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஆனால் ஹீமட்டோமா வெறும் இரத்தத் தேக்கம், கண் அழுத்த நோயான கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. எனக்குப் பிடித்தது அத்தெரோஸ்கிளிரோசிஸ். 'அத்தெரே' என்றால் கூழ், தானியத்தைக் காய்ச்சும் கூழேதான். 'ஸ்கிளிரோசிஸ்' கெட்டிப்படுதல். தமனிச் சுவரைக் கீறினால் உள்ளே கூழ்போலக் கொழுப்பும் சுற்றிலும் தடிப்பும் இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்து 1904-இல் பெயர் வைத்தவர் ஃபெலிக்ஸ் மார்ஷாண்ட் என்ற ஜெர்மன் நோயியல் அறிஞர். இப்படிக் கதையுள்ள சொல் மறக்கவே மறக்காது, அவற்றுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

தமிழக அரசின் எம்.ஆர்.பி., எய்ம்ஸின் நார்செட் மாதிரி நர்ஸ் வேலைக்கான போட்டித் தேர்வுகளில் பார்த்திராத சொல் வரத்தான் செய்யும். சால்பிங்கோ-ஊஃபெரெக்டமி என்று வந்தால் பதற வேண்டாம். வால் எக்டமி, அப்படியானால் எதையோ எடுக்கிறார்கள். தையல், திறப்பு என்று சொல்லும் விடைகளை அடித்துவிடலாம். நடுவில் இருக்கும் 'ஊஃபெர்', முட்டையைச் சுமப்பது, கருப்பை இல்லை, சினைப்பை. முன்னால் இருக்கும் 'சால்பிங்ஸ்', எக்காளம், கருக்குழாயின் வடிவம் அது. மிஞ்சுவது ஒரே விடை.

கடைசியாக ஹைப்பர், ஹைப்போ. மேல், கீழ் என்று ஒன்றாம் நாளே மனப்பாடம் ஆகிவிடும், அதில் சிரமமில்லை. சிரமம் போனில்தான். நடுராத்திரி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு "சார், ஹைப்போகிளைசீமியா" என்று சொன்னால் அந்தப் பக்கம் ஹைப்பர் என்று கேட்டுத் தொலைக்கும். "பத்தாம் பெட், சுகர் 52, வேர்த்துக் கொட்டுது சார்" என்று எண்ணைச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும் எண்ணையும் கேட்டுவிட்டு போனை வையுங்கள்.