போர்டு எழுதின பெண்

நம் டெல்லி தமிழ்ப் பள்ளியில் படித்த உங்களுக்குத் தெரியும், டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள் நிச்சயம். சரோஜினி நகரிலும் கரோல் பாகிலும் நாம் 'மத்ராசி'. கோடை விடுமுறைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் தலையெல்லாம் புழுதியோடு சென்னை வந்து, வண்டி மாறிக் கும்பகோணத்தில் இறங்கினால் பெரியப்பா வீட்டில் நான் 'டெல்லிக்காரி'. வாயைத் திறந்தாலே பெரியப்பா பெண்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். "இவ தமிழ் பேசறாளா, ஹிந்திக்குப் பாவாடை கட்டி விட்டிருக்காளா?" என்பாள் மூத்தவள். திரும்பி வந்தால் ஹிந்தி வகுப்பு காத்திருக்கும். மேஜை பெண்பால், வீடு ஆண்பால் என்று எவரோ முடிவுசெய்து வைத்திருந்ததை நம்மில் எத்தனை பேர் பத்தாவது வரைக்கும் குருட்டாம்போக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்! ஆங்கிலமாவது உண்டா என்றால், பஸ்ஸில் கான்வென்ட் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டதும் அதுவும் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஆக, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே "எனக்கு வராது" என்று சொல்லிவிடுகிற பெண்ணாக வளர்ந்தேன். இதை அடக்கம் என்று நினைத்து மெச்சியவர்களும் உண்டு.

நம் பள்ளிகளை நடத்தும் டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் 1923-ல் தொடங்கியதற்குக் காரணமே எங்கும் கால் பாவாத பிள்ளைகள்தான். கோடையில் சிம்லா, குளிரில் டெல்லி என்று அரசாங்கம் இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கோப்புகளோடு குமாஸ்தாக்களும், குமாஸ்தாக்களோடு பிள்ளைகளும் மலை ஏறி இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் தமிழை விட்டுவிடக் கூடாதென்று ஆரம்பித்தது, பிறகு ஏழு பள்ளிகளாக வளர்ந்தது. இதையெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அந்த ஒன்பதாம் வகுப்பில்தான், 1984 ஜூலையில், நம் தமிழ் சார் ஒரு நாள் என்னை நிறுத்தி, "நாளையிலேர்ந்து வாசல் போர்டு உன் பொறுப்பும்மா" என்றார்.

அந்தப் போர்டு உங்களுக்கு நினைவிருக்கும். ஆபீஸ் அறைக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மூலை உடைந்த கரும்பலகை. பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் ஒரு குறளும் மூன்று செய்திகளும் எழுதியிருக்க வேண்டும். வகுப்புக்குப் போகிற அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரிய ற, சின்ன ர, மூன்று சுழி, இரண்டு சுழி எல்லாம் கண்முன் வந்து நின்று பயமுறுத்தின. "சார், எனக்கு வராது. எழுத்துப்பிழை வரும். வேற யாரையாவது..." என்று இழுத்தேன்.

சார் சிரிக்கவில்லை, 'உன்னால் முடியும்' என்று முதுகில் தட்டவும் இல்லை. "நாளைக்கு எழுத வேண்டிய குறள் சொல்றேன், எழுதிக்கோ" என்றார்.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஒருவனை ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனை அப்புறம் சந்தேகப்படுவதும் தீராத துன்பத்தையே தரும். 510-வது குறள். அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி வள்ளுவர் சொன்னது. அதை சார் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்காகத் திருப்பிப் போட்டார். "உன் நோட்டைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். பார்த்து எடுத்தது நான். இனிமே சந்தேகப்பட்டா அந்தக் கஷ்டம் எனக்கு. உனக்கு அதுல என்ன வேலை? நீ நேரத்துக்கு வந்து எழுது."

பிழை இருந்தால்? "இருந்தா அழிச்சுட்டு எழுது. டஸ்டர் எதுக்கு இருக்கு?"

அப்படித்தான் என் காலைப்பொழுதுகளுக்கு ஒரு வேலை வந்தது. ஏழேகால் மணிக்கு ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி. தமிழ்நாடு முழுவதும் கேட்ட அந்தச் செய்தி நம் டெல்லியிலிருந்து, பாராளுமன்றத் தெருக் கட்டடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தெளிவான, பதறாத குரலுக்குச் சொந்தக்காரரான சரோஜ் நாராயணசுவாமி பம்பாயில் பிறந்தவர் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பெரியப்பா பெண்களுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ரேடியோவின் கரகரப்புக்கு நடுவே பென்சிலால் கிறுக்கிக்கொண்டு, தோசையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவேன். சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் எழுத்து பளிச்சென்று விழும், சுலபத்தில் உதிராது. இதைச் சொல்லிக்கொடுத்தது ஓவிய டீச்சர். எறும்பு மொய்க்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

முதல் வாரங்களில் பயம் குறைந்ததா என்றால், இல்லை. போர்டுக்கு எதிரே நின்று யாராவது இரண்டு நிமிடம் படித்தால் என் காது சூடாகும். ஆனால் மறுநாளும் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் கூனிக்குறுக எனக்கு நேரம் போதவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 31 புதன்கிழமை. பிரதமர் இந்திரா காந்தி காலையில் சுடப்பட்டார். சப்தர்ஜங் சாலையிலிருந்து எய்ம்ஸுக்குக் கொண்டுபோனார்கள். நம்மைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த நாட்களைப் பற்றி உங்களில் பலர் பேசவே விரும்புவதில்லை, தெரியும். சீக்கியர்களுக்கு எதிரான அந்தக் கலவரத்தில் டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பின்னர் அரசே ஏற்றுக்கொண்ட கணக்கு. எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியிலிருந்து புகை தெரிந்தது. எதிர் பிளாக் சர்தார்ஜி வீட்டுப் பெயர்ப்பலகையைப் பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி, தன் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஓர் இரவு தெருவில் கூச்சல். குடிதண்ணீரில் சீக்கியர்கள் விஷம் கலந்துவிட்டார்களாம், யாரும் குழாயைத் திறக்காதீர்கள் என்று. அம்மா குடத்தைக் கொட்டப் போனாள். அப்பா ஒரு டம்ளர் மொண்டு, அவள் எதிரிலேயே நின்று குடித்தார். "இப்ப உக்காரு, பார்ப்போம்" என்றார். மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

பள்ளி மறுபடி திறந்த அன்று சீக்கிரமே போய்விட்டேன். சார் எனக்கு முன்னால் வந்திருந்தார். "காதுல விழுந்ததை எழுதாதே. ரேடியோவில சொன்னது, பேப்பர்ல வந்தது, நீ கண்ணால பார்த்தது. இதுல ஒண்ணா இருந்தா எழுது." இரண்டு செய்திகள் ரேடியோவிலிருந்து எழுதினேன். மூன்றாவதாக, 'குழாய்த் தண்ணீரை எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதினேன். சார் படித்துப் பார்த்துவிட்டு, "கீழே ஹிந்தியிலயும் போடு, எல்லாருக்கும் புரியட்டும்" என்றார். தண்ணீர் ஆண்பாலா பெண்பாலா என்று யோசிக்கவே இல்லை. வேகமாக எழுதி முடித்தேன். கையைத் தட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் கவனித்தேன்: எப்போதும் தலைக்குள் உட்கார்ந்து சிரிக்கிற பெரியப்பா பெண்கள் அன்று வரவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் படித்துவிட்டு நேரே தொட்டிக்குப் போய், கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தான்.

பெரியப்பா பெண்கள் நிரந்தரமாகப் போய்விட்டார்கள் என்று சொன்னால் பொய். டொரன்டோவுக்கு வந்து ஒரு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில், மூட்டை முடிச்சோடு மறுபடி வந்து இறங்கினார்கள். 'இவர்கள் ஆள் தெரியாமல் என்னை எடுத்துவிட்டார்கள், சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று தினமும் தோன்றும். ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத் தமிழுக்கு நடுவே என் தமிழ் மூன்றாவது முறையாக வேற்றூர்த் தமிழாயிற்று. இந்தப் 'போலி' என்கிற நினைப்பைப் பற்றி 1978-லேயே பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்துப் பட்டம் வாங்கி, நல்ல வேலையில் இருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கண்டது. பாராட்டும் பதவியும் வந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லையாம். படித்ததும் எனக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இத்தனை பேருமா வீணாகப் பயந்து செத்தோம்?

அதற்கு முந்தின ஆண்டு, 1977-ல், ஆல்பர்ட் பண்டூரா என்ற இன்னொரு உளவியலாளர் வேறொன்று சொன்னார். தன்னால் முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது. அதில் வலுவானது, தானே செய்து முடித்துப் பார்த்த அனுபவம். பிறர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். உடலின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கும் பங்கு உண்டு. பிறர் வாயால் சொல்லும் ஊக்கமும் ஒரு வழிதான், ஆனால் அதற்கு அவ்வளவு பலம் இல்லை. நம் சார் பண்டூராவைப் படித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். முதுகில் தட்டாமல் சாக்பீஸைக் கையில் கொடுத்தவர் அவர். 'உன்னை நம்பு' என்று அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் வாசகங்களை நான் தாண்டிப் போய்விடுவதற்கு அவரே காரணம்.

என் வேலையில் சந்தேகத்துக்கு நல்ல இடமும் இருக்கிறது. ரத்த மாதிரி இருக்கும் சோதனைக் குழாயில் ஒட்டிய சீட்டில் பெயர், பிறந்த தேதி, எண் எல்லாம் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் அந்த மாதிரியை ஏற்க மாட்டோம், மறுபடி எடுக்கச் சொல்வோம். சீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். அந்தக் குழாய்க்கு அந்தப் பக்கம் ஒருவர் படுத்திருக்கிறார். அவரை நினைத்தால் நான் தகுதியானவளா என்ற விசாரணைக்கு அன்றைக்கு நேரமிருக்காது. நேரம் கிடைக்கிற நாட்களில் அது வரத்தான் செய்கிறது. வரட்டும்.

சனிக்கிழமைகளில் இங்கே ஒரு தமிழ் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். இங்கேயே பிறந்த ஒரு பையன், பன்னிரண்டு வயது. வாசிக்கச் சொன்னால் மேஜைக்கு அடியில் பென்சில் தேடுவான். அவனிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டேன். பெயர்களைத் தமிழில் எழுதுவதும், உரக்கக் கூப்பிடுவதும், வராதவர்கள் வீட்டுக்குப் போன் செய்து தமிழில் விசாரிப்பதும் அவன் பொறுப்பு. முதலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டான். போன வாரம் அவன் அம்மா வந்து, "பிள்ளைக்குத் தமிழ் ஏதும் ஏறுதோ, டீச்சர்?" என்று கேட்டார். தமிழைப் பற்றி இன்னும் தெரியாதம்மா, ஆனால் பனியில் பஸ் தாமதமாகி நான் பிந்தி வந்த அன்று என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டு வைத்திருந்தான், அழிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான் என்றேன்.