ஒரு கிரவுண்டுத் தோட்டம்: ஆடியில் விதைத்தது, புரட்டாசியில் பறித்தது

ரெட்டேரிப் பக்கம் வீட்டை ஒட்டி ஒரு கிரவுண்டு மண் இருக்கிறது. 2400 சதுர அடி. ஊர்ப்பக்கம் இதைத் தோட்டம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னைக்குள் இவ்வளவு மண்ணைக் கையில் வைத்திருப்பது பெரிய கொடுப்பினை. பாதி இடத்தில் கீரைப் பாத்தி, தெற்கு ஓரம் பந்தல், கிணற்றடியில் வாழை, பின்மூலையில் நாட்டுக்கோழிக் கூண்டு. இந்த ஆடிப் பட்டத்தில் போட்டது எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் கோழிகளுக்குத் தீனி, தண்ணீர். கீரைக்குத் தண்ணீர் காட்டி முடிக்கும்வரை கூண்டைத் திறப்பதில்லை. திறந்தால் நேரே பாத்திக்குத்தான் ஓடும். இப்போது ஒரு கோழி அடையில் இருக்கிறது. 21 நாள் கணக்கு என்பதால் அதன் பக்கம் அதிகம் போகாமல் தீவனம் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கீரை விதை கடுகைவிடப் பொடி. மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். எறும்பு இழுத்துப் போகாமலிருக்க பாத்தியைச் சுற்றி வேப்பம் புண்ணாக்குத் தூள் போடுகிறேன். சிறுகீரை 25 நாள் வாக்கில் பிடுங்கலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். வாரம் ஒரு பாத்தி என்று மாற்றி மாற்றி விதைப்பதால் வீட்டில் கீரை வாங்குவதே நின்றுவிட்டது. காலையில் பறித்த கீரையை அப்படியே மசித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அந்த வாசனை கடையில் வாங்கும் கீரைக்கட்டில் வராது.

இந்தப் பட்டத்தில் என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டது பீர்க்கைதான். கொடி பந்தலை மூடிவிட்டது, பூவும் ஏராளம், ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. உரம் போதவில்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். கொடி செழிப்பாக இருக்கும்போது அது காரணமாக இருக்காது என்று எனக்குப் பட்டது. பீர்க்கம்பூ சாயந்திரம்தான் மலரும். பூசணி, பாகல் மாதிரிக் காலைப் பூ இல்லை. நம் தெருவில் அந்த நேரத்துக்குத் தேனீ வருவது குறைவு. அந்திப்பூச்சிகளும் விளக்கு வெளிச்சத்தைத் தேடிப் போய்விடுகின்றன. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஆண் பூ நீளமான காம்பில் கொத்தாக வரும், அடியில் ஒன்றும் இருக்காது. பெண் பூ தனியாக நிற்கும்; அதன் அடியில் விரல் நீளத்துக்குக் குட்டிப் பீர்க்கங்காய், வரப்பு வரப்பாக, அப்போதே முழு உருவத்தோடு இருக்கும். ஐந்தரை மணிக்கு மேல் அன்று மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பிய்த்துவிட்டு, மகரந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவ வேண்டும். மஞ்சள் தூள் ஒட்டுவது கண்ணுக்கே தெரியும். பிடித்துவிட்டால் ஓரிரு நாளில் பிஞ்சு தலை கவிழ்ந்து கனக்க ஆரம்பிக்கும். பிடிக்காதது மஞ்சளாகிவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னம்மா, சாயந்திரமானா பந்தலுக்குக் கீழயே நிக்கிறே?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அட, எங்க வீட்டுக் கொடிக்கும் அதான் கேடா? நாளைக்குக் கூப்பிடு, வர்றேன்" என்றார்கள். இப்போது இரண்டு வீட்டுப் பந்தலிலும் காய் தொங்குகிறது.

பிஞ்சு கவிழ்ந்ததும் பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி மாட்டிவிடுகிறேன். பழ ஈ குத்தி முட்டை வைப்பதற்கு அதுதான் தடுப்பு. அப்புறம் மீன் அமிலம். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கழிவு கேட்டு வாங்கி, அதே எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து மூடி வைத்தால் மூன்று வாரத்தில் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கிறேன். இலையின் பச்சை நன்றாகவே கூடியிருக்கிறது.

புரட்டாசியில் தெருவில் பாதி வீடு சைவம், காய்க்கு எங்கும் வரவேற்புதான். நான்கு வீட்டுக்குப் பீர்க்கங்காய் போகிறது. தோலை யாரும் எறிவதில்லை. உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கித் துவையல் அரைத்து எனக்கும் ஒரு கிண்ணம் வருகிறது. காசுக்கு விற்றால் இது கிடைக்குமா?

இனி மழைக்கான வேலை. சென்னைக்கு வருஷத்தில் வரும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது இந்த மனையில் தண்ணீர் வடியாமல் நின்று கீரை முழுக்க அழுகியது, முருங்கையும் முறிந்தது. முறிந்த முருங்கையில் போத்து வெட்டி நட்டு, இன்று அது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பாத்தியெல்லாம் அதற்குப் பிறகு ஒரு அடி உயர மேட்டுப்பாத்திதான். இந்த வாரம் இடையில் இருக்கும் வாய்க்காலைத் தூர்வாரி, வாழைக்கு முட்டுக் கொடுத்து, கோழிக் கூண்டின் அடியில் இன்னொரு வரிசை செங்கல் ஏற்ற வேண்டும். பந்தலில் நன்றாக விளைந்த இரண்டு பீர்க்கங்காயை விதைக்கு விட்டிருக்கிறேன். முற்றிக் காய்ந்ததும், மழை பிடிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். தைப் பட்டத்துக்கு விதை கேட்டு அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.