சான் ஹோசேயில் மொபைல் ஹோம் விற்ற படலம்

ஒருவழியாக எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தையும் காகிதங்களையும் நடுவில் ஒருவர் வைத்திருக்கும் ஏற்பாடு) முடிந்து பணம் வந்துவிட்டது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சாதாரண வீடு மில்லியன் டாலரைத் தாண்டிவிட்ட இந்த ஊரில் மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு) பக்கம் திரும்பும் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். வாங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பார்கள், விற்கப் போகும்போதுதான் யார் யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று தெரியும்.

ஸ்ரீரங்கத்து அடிமனைப் பிரச்சினையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும். கட்டடம் நம்முடையது, அது நிற்கும் மண் வேறொருவருடையது (இந்த மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்துக்குப் பார்க் என்று பெயர்), அதற்கு மாதாமாதம் வாடகை. இங்கே அதற்கு ஸ்பேஸ் ரெண்ட் என்று பெயர், எனக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர். (நகரத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பார்க் என்பதால் வருடத்துக்கு 3 முதல் 7 சதவீதத்துக்குள்தான் ஏற்ற முடியும், அது ஒன்றுதான் நிம்மதி.) ஆகவே வாங்குபவர் நமக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, அவரைக் குடியிருக்க விட பார்க் நிர்வாகமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் மேனேஜர் கையில். எங்கள் மேனேஜர் அம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

முதல் மோதல் ஜன்னலில் வைத்த 'விற்பனைக்கு' அட்டையில். கோல்ஃப் கார்ட்டில் வந்து இறங்கினார், பார்க்கின் அழகு கெடுகிறது, எடுத்துவிடுங்கள் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, விற்பனையை எங்கள் ஆபீஸிடமே கொடுத்தால் எல்லாம் சுலபமாக முடியும் என்று ஒரு வார்த்தை. அன்று இரவுதான் வாடகை ஒப்பந்தத்தின் பின்னால் இணைத்திருந்த மொபைல்ஹோம் ரெசிடென்சி சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். கலிஃபோர்னியா சிவில் கோடில் 798-ல் தொடங்கும் பகுதி. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் விற்க நினைப்பவர்கள் ஏஜென்ட்டைத் தேடுவதற்கு முன் இதைப் படியுங்கள். ஜன்னலிலோ வீட்டின் பக்கவாட்டிலோ அட்டை வைக்க நமக்கு உரிமை இருக்கிறது. தங்கள் மூலமாகத்தான் விற்க வேண்டும் என்று பார்க் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு எண்ணைப் போட்டு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், அட்டையைப் பற்றி அதன் பிறகு பேச்சே வரவில்லை.

ஆனால் அடுத்தது ரிப்பேர் பட்டியல். வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போனார்: ஸ்கர்ட்டிங் (வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் பலகை) மாற்ற வேண்டும், கார் நிறுத்தும் கார்போர்ட்டுக்குப் பெயிண்ட், வாசல் படிக்குக் கைப்பிடி, சமையலறைக் கவுன்ட்டர் பழசு, குளியலறைத் தரை, படுக்கையறைக் கார்ப்பெட். கார்ப்பெட்டை இவர் எப்போது பார்த்தார் என்பது எனக்கு இன்றுவரை புதிர். இங்கேதான் முக்கியமான விஷயம். வீடு அதே இடத்தில் தொடர்ந்து இருக்கப்போகிறது என்றால் பார்க் வெளிப்புற வேலைகளைத்தான் கேட்க முடியும், அதுவும் சட்டமோ பார்க் விதியோ அதைக் கேட்க வேண்டும். விற்கப்போவதாக எழுத்தில் அறிவித்துவிட்டு, என்னென்ன ரிப்பேர் என்று எழுத்தில் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் அவர்களும் எழுத்தில் தர வேண்டும். கேட்டேன். வந்த காகிதத்தில் ஸ்கர்ட்டிங்கில் இரண்டு உடைந்த பலகை, கைப்பிடி, பெயிண்ட், அவ்வளவுதான். கவுன்ட்டர், தரை, கார்ப்பெட் எல்லாம் காற்றோடு போய்விட்டன. வாயால் கேட்பதை எழுத்தில் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன், அதிலிருந்து அந்த அம்மாவிடம் நான் நேரில் பேசியதையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் மின்னஞ்சலாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

டைட்டில் கதை தனி. பார்க்கில் நிற்கும் இந்த வீடுகளுக்கு நிலப் பத்திரம் கிடையாது. மாநிலத்தின் வீட்டு வசதித் துறையான ஹெச்.சி.டி.தான் கார் மாதிரி டைட்டில், அதாவது உரிமைச் சான்று, கொடுக்கிறது. அதில் ரெஜிஸ்டர்டு ஓனர் என்று நம் பெயரும், லீகல் ஓனர் என்ற இடத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். என் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, முழுத்தொகையும் செலுத்தப்பட்டது என்ற கடிதமும் பத்திரமாக இருக்கிறது. ஏஜென்ட் டைட்டில் சர்ச் போட்டுப் பார்த்தால், லீகல் ஓனராக இன்னும் அந்தப் பழைய நிறுவனம்! கடனை வசூலித்தவர்கள் லீனை (கடனுக்காக வீட்டின் மேல் பதிந்த பிடிமானத்தை) எடுத்துவிடும் வேலையைச் செய்யவே இல்லை. போன் போட்டால் எண் புழக்கத்தில் இல்லை, ஏனென்றால் நிறுவனமே இல்லை, அதை ஒருவர் வாங்கி, அவரை இன்னொருவர் விழுங்கியிருந்தார். விழுங்கியவரின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள், ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டுவிட்டு கடைசியில் சொல்வது ஒன்றே: "உங்கள் அக்கவுண்ட் எங்கள் சிஸ்டத்தில் இல்லை." இல்லாத கடனுக்கு எப்படி விடுதலைக் கடிதம் கொடுப்பது என்று அவர்கள் பக்கத்து நியாயம். இல்லாத கடன் எப்படி என் வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று என் பக்கத்து நியாயம்.

இதே மாட்டலில் இருப்பவர்களுக்கு: கடன் கொடுத்தது வங்கியாக இருந்தால், வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யின் இணையதளத்தில் பேங்க்ஃபைண்ட் என்று ஒரு தேடல் இருக்கிறது. பழைய வங்கியின் பெயரைப் போட்டால் அது எப்போது யாரோடு சேர்ந்தது என்று வரிசையாகக் காட்டும். அதை அச்செடுத்து, கடன் அடைந்த கடிதத்தின் நகலோடு, வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டு லீன் ரிலீஸ் பிரிவு என்றே விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அங்கே ஒரு பெண்மணி எடுத்துப் பார்த்து, சத்தம் போடாமல் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். யாரோ ஒரு புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும். கடன் அடைந்து சில மாதங்களிலேயே டைட்டில் சர்ச் போட்டுப் பாருங்கள், விற்கும்வரை காத்திருக்காதீர்கள்.

முதலில் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. கணவர் சொந்தமாக எலெக்ட்ரீஷியன் தொழில் செய்பவர். வீடு பிடித்தது, விலையும் பேசியாயிற்று. அடுத்த இடி அவர்களுக்குக் கடன் கொடுப்பவரிடமிருந்து. நிலம் சேராத வீட்டுக்குக் கடன் கொடுப்பவர்களே குறைவு, வட்டியும் சாதாரண வீட்டுக் கடனைவிட அதிகம், அவர்கள் கேட்கும் காகிதமும் அதிகம். ஹட் லேபிள் (மத்திய அரசின் வீட்டு வசதித் துறைத் தகடு) இரண்டின் படமும் வேண்டும் என்றார்கள்.

1976 ஜூன் 15-க்குப் பிறகு தயாரான வீடு ஒவ்வொன்றிலும், தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்று என்று, சிவப்பு உலோகத் தகடு வெளிச்சுவரில் அடித்திருக்கும். ரெண்டு இஞ்ச், நாலு இஞ்ச் அளவு, அவ்வளவுதான். எங்களுடையது டபுள்வைடு, அதாவது இரண்டு பாகமாக வந்து இணைத்தது, ஆகவே இரண்டு இருக்க வேண்டும். ஒரு பக்கத் தகடு பின் மூலையில், வெயிலில் வெளுத்து ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, எண் படிக்க முடிந்தது. மறுபக்கம் வழுவழுவென்று வினைல் சைடிங் (சுவருக்கு மேல் போர்த்தும் பிளாஸ்டிக் பலகை). எனக்கு விற்றவர் அழகுபடுத்துகிறேன் என்று சைடிங் போட்டபோது தகட்டைப் பிடுங்கி எறிந்தாரா, உள்ளேயே புதைத்தாரா, தெரியவில்லை. தொலைந்த தகட்டுக்கு மாற்றுத் தகடு கொடுக்கவே மாட்டார்கள். ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பிடம் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், இந்த வீட்டுக்கு இந்த எண் கொடுக்கப்பட்டது என்று சரிபார்ப்புக் கடிதம் தருவார்கள், அதைக் கடன் கொடுப்பவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு வீட்டின் சீரியல் எண் முதலிய விவரம் வேண்டும். அது டேட்டா பிளேட் என்ற காகிதத்தில் இருக்கும், சமையலறை அலமாரிக்குள், மின்சாரப் பெட்டி பக்கத்தில், இல்லையென்றால் படுக்கையறை க்ளாசெட்டில். எங்களுடையது க்ளாசெட்டின் உள்சுவரில், தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் அகப்பட்டது. பெயிண்ட் அடித்தவன் அதையும் விடவில்லை, ஓரமெல்லாம் வெள்ளைப் பூச்சு. ஈரத்துணியை வைத்துத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்துகள் தெரிந்தன. கடிதம் வந்துவிட்டது, பிரச்சினை இல்லை.

ஸ்மோக் அலாரம், வாட்டர் ஹீட்டரை நிலநடுக்கத்துக்கு ஆடாமல் பட்டை போட்டுக் கட்டுவது, இரண்டுக்கும் உறுதிமொழிக் கையெழுத்து: ஒரு மதியத்தில் முடிந்த வேலை.

மேனேஜர் அம்மா மறுபடியும். சட்டப்படி, வாங்குபவரின் விண்ணப்பம் வந்தால் 15 வேலை நாட்களுக்குள் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாடகை கட்டும் வசதி இருந்தால், பார்க் விதிகளை மதிக்கமாட்டார் என்று அவருடைய பழைய குடியிருப்புகளை வைத்து நியாயமாகச் சொல்ல முடியாதவரை, மறுக்கவும் முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சூட்சுமம் என்னவென்றால், அந்த 15 நாள் எல்லா விவரமும் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே விவரம் முழுதாகவே வராமல் பார்த்துக்கொண்டார். வங்கி அறிக்கை கொடுத்தால் இன்னும் பழையது வேண்டும், அதைக் கொடுத்தால் முந்தைய வீட்டுக்காரரின் கடிதம், அதைக் கொடுத்தால் மூன்று வருட வருமான வரித் தாக்கல் நகல். கடைசியாகச் சொன்னது கேட்கவே கூடாத ஒன்று. வருமானம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று ஆதாரம் கேட்கலாம், வரித் தாக்கல் நகலைக் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 798.74-ல் வெளிப்படையாக இருக்கிறது. எழுதினேன். பதிலுக்கு "கார்ப்பரேட் ஆபீஸ் பார்க்கிறது" என்று ஒரு வரி. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தம்பதியின் வட்டி விகித லாக் (குறிப்பிட்ட நாள்வரை அதே வட்டி என்ற உறுதி) காலாவதியானது, புது விகிதத்தில் மாதத் தவணை கட்டுப்படியாகாது என்று கணவர் போனில் சொன்னபோது எனக்குப் பதில் பேச வரவில்லை. அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

இந்த இழுபறியில் கவுன்டியில் வாங்கி வைத்திருந்த டாக்ஸ் க்ளியரன்ஸ் சர்டிபிகேட்டும் காலாவதி. உள்ளூர் சொத்து வரியில் இருக்கும் வீடாக இருந்தால் பெயர் மாற்ற இது கட்டாயம், அதன் மேலேயே எந்தத் தேதிவரை செல்லும் என்று போட்டிருக்கும். பார்க் ஒப்புதல் கைக்கு வரும்வரை அதை வாங்காதீர்கள்.

இரண்டாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ், ரொக்கம். இந்த முறை விண்ணப்பத்தை நானும் ஏஜென்ட்டும் கூடவே போய்க் கொடுத்தோம். உள்ளே இருக்கும் காகிதங்களின் பட்டியலை மேலே வைத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து கேட்டோம். மேனேஜர் அம்மா பேனாவைத் தேடுவது போல் மேஜை இழுப்பறையை மூன்று முறை திறந்து மூடினார். ஏஜென்ட் தன் பேனாவை நீட்டினார். அன்று மாலையே, வேறு ஏதாவது வேண்டுமா, வேண்டாமென்றால் இன்றிலிருந்து 15 வேலை நாள் கணக்கு என்று மின்னஞ்சல் போட்டோம். கெடுவின் கடைசி நாளில், ஆபீஸ் மூடும் நேரத்துக்குச் சற்று முன், ஒப்புதல் வந்தது. அந்த நேரத்தைக்கூட வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார் என்பது என் தனிப்பட்ட சந்தேகம். வாங்குபவர்களிடம் சொல்லி வையுங்கள்: கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு என்று வாங்கிய கட்டணத்தை, ஒப்புதல் கிடைத்து வீட்டை வாங்கினால் முதல் மாத வாடகையில் கழிக்க வேண்டும் அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுத்துவிட்டால் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நர்ஸ் அம்மா கேட்டார், கழித்துவிட்டார்கள்.

எஸ்க்ரோ, கையெழுத்து, ஹெச்.சி.டி.யில் பெயர் மாற்றம், எல்லாம் பிசகில்லாமல் நடந்தன. பாக்கி இருப்பது ஒன்று: குடிவந்தபோது கட்டிய செக்யூரிட்டி டெபாசிட். 12 மாதம் தொடர்ந்து தாமதமில்லாமல் வாடகை கட்டியவர்கள் எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வீட்டை விற்றவர்கள் எழுத்தில் கேட்டாலும் அப்படித்தான். வருடக்கணக்கில் வாடகை கட்டிய எனக்கு அந்த ஆபீஸில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. நேரில் கேட்டேன், "பார்க்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்து பிரிவு எண்ணோடு கடிதம் எழுதி, ரசீதோடு தபாலில் போட்டாயிற்று.